நான்காம் பாலத்துக்கு முன்

படகு தண்ணீரில் போகும், நான் கரையில்.
ஒரு பாலத்தைத் திறந்து, படகை விட்டு, மூடிவிட்டு
சைக்கிளில் முந்திப் போய்
அடுத்ததைத் திறக்க வேண்டும்.
க்ரோனிங்கனுக்குக் கிழக்கே இந்தக் கால்வாயில்
பாலங்கள் ஏழு.
ஏழுக்கும் சேர்த்து ஒரே வீட்ஸ்கே, அது நான்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
முன்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.
முள்ளில்லை, ஆணியில்லை,
வால்வின் அடியிலேயே கிழிசல்.
அங்கே பேட்ச் நிற்காது.
ஒட்டிப் பார்த்து ஏமாந்தவள் சொல்கிறேன்.

பையில் மாற்று டியூப் இருந்தது.
பெட்டி பிரிக்காத புது டியூப்.
மகன் யெல்மரின் சைக்கிளுக்காக வாங்கியது,
இருபது அங்குலம்.
அவனுக்கு இப்போது பத்தொன்பது வயது.

படகு வந்துவிட்டது.
"பாலம் எங்கே?" என்றார் ஹின்னெர்க், எம்டன்காரர்,
ஏதோ அதை நான் பைக்குள் மடித்து வைத்திருப்பதுபோல.
படகின் கூரையில் ஒரு பந்தய சைக்கிள்,
அவர் மனைவி ஆல்முட்டுடையது.
அவள்தான் சரியான கேள்வி கேட்டாள்:
"உன் டயர் என்ன அளவு?"

ஒன்பது வருடம் அந்த டயரின் மேல்தான் என் பிழைப்பு.
அதன் விலாவில் எழுதியிருப்பதை
ஒருநாளும் வாசித்ததில்லை.
எச்சில் தொட்டுச் சேற்றைத் துடைத்தேன்.
முப்பத்தேழு, ஒரு கோடு,
அறுநூற்று இருபத்திரண்டு.

"விட்டம் ஒன்றுதான். அகலம்தான் இடிக்கிறது,
என்னுடையது இருபத்தைந்து" என்று
உள்ளே போய் எடுத்துவந்தாள்.
பாம்புச் சட்டைபோல மெல்லிய டியூப்.
அதன் வால்வு பிரெஞ்சு வால்வு,
சீவிய பென்சில்போல ஒல்லி.
என் ரிம்மின் துளையோ டச்சு வால்வுக்குப் போட்டது.
நுழைத்ததும் விழப்போகும் பல்லாக ஆடியது.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை
அதன் இடுப்பில் ஏழு சுற்றுச் சுற்றினாள்.
"பெரிய துளையில் சின்னதை
ஏமாற்றியாவது நிறுத்தலாம்.
சின்னத் துளையில் பெரியது நுழையவே நுழையாது."
"சைக்கிளைப் பற்றித்தானே பேசுகிறாய்?"
என்றார் ஹின்னெர்க் சுக்கானிலிருந்து.
அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நுனித் திருகைத் தளர்த்தி, விரலால் ஒரு தட்டு.
'ப்ஸ்' என்று பதில் வந்தது.
என் பழைய பம்பு மட்டும்
கேள்வி கேட்காமல் அந்த வாயைக் கவ்வியது.
"கல்லாக அடிக்காதே.
தன் அளவுக்கு மேல் உப்புகிறது, பாவம்."

நான்காம் பாலத்தில் உருளைக்கிழங்கு டிராக்டர்
ஹார்னை அழுத்திக்கொண்டே நின்றது.
ஐந்தில் யாருமில்லை, இரண்டு வாத்து.
ஆறுக்குப் போகும் கல்பாவிய பாதையில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன்,
என் மூச்சை அடக்கினால்
டியூபின் மூச்சு நிற்கும் என்பதுபோல.

ஏழாவதில் கேட்டேன், டியூபுக்கு எவ்வளவு?
சும்மா வைத்துக்கொள் என்பாள் என்றிருந்தேன்.
"ஏழரை யூரோ" என்றாள் ஆல்முட்.

இங்கே வழக்கம் ஒன்றுண்டு:
தூண்டில் கோலில் மரச்செருப்பைத் தொங்கவிடுவோம்,
படகுக்காரர்கள் அதில் காசு போடுவார்கள்.
அன்று காசு என் பக்கத்திலிருந்து போனது, எட்டு யூரோ.
படகு நகர நகரச் செருப்பு திரும்பி வந்தது.
உள்ளே ஐம்பது சென்ட்,
வால்வுக்கு ஒரு குட்டித் தொப்பி.

மாலை கடையில் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னேன்:
முப்பத்தேழு, அறுநூற்று இருபத்திரண்டு, டச்சு வால்வு.
கடைக்காரன் தலையைத் தூக்காமலே எடுத்துக் கொடுத்தான்.

மூன்று வாரமாகிறது, இன்னும் மாற்றவில்லை.
காலையில் கொஞ்சம் தொய்ந்திருக்கும், பத்து அடி அடிப்பேன்.
சரியானது பையில் இருக்கிறது,
இருபது அங்குலத்தின் பக்கத்தில்.